செட்டிநாட்டுச் சாமான் அறை: ஒரு புழங்குபொருள் வரலாறு

செட்டிநாடு என்று வழங்கும் நிலப்பகுதி, இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் காரைக்குடியைச் சூழ்ந்து அமைந்த, நகரத்தார் என்னும் வணிகச் சமூகத்தினரின் ஊர்த் தொகுதியாகும். இவ்வூர்களின் பெருவீடுகளைப் பற்றியும், அவற்றுக்காகக் கடல் கடந்து வந்த பர்மாத் தேக்கைப் பற்றியும், ஆத்தங்குடித் தளக்கற்களைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டுள்ளது. 2014ஆம் ஆண்டில் இவ்வூர்களுள் சில, யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் இடம்பெற்றன. அவ்வீடுகளின் உள்ளறைகளில் தலைமுறை தலைமுறையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்த பாத்திரங்களுக்கோ அத்தகைய கவனம் கிடைக்கவில்லை. வீடு ஆண்கள் ஈட்டிய பொருளுக்குச் சான்று. பாத்திரம் அவ்வீட்டுப் பெண்ணின் உடைமைக்கும், அவள் நடத்திய அடுப்புக்கும், தாயிடமிருந்து அவள் கொண்டுவந்த கைப்பக்குவத்துக்கும் சான்று. அச்சான்றைப் படிக்காமல் செட்டிநாட்டின் குடும்ப வரலாறு நிறைவு பெறாது.

ஒரே வீட்டில் இத்தனை பாத்திரங்கள் சேர்ந்ததற்குச் செல்வச் செழிப்பை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. குடும்ப அமைப்பே முதற்காரணம். நகரத்தார் வழக்கில் திருமணமான இணை ஒரு ‘புள்ளி’ எனப்படும். கோயிலுக்குச் செலுத்தும் வரியும் ஊர்ப் பொதுக் கணக்கும் புள்ளியை அலகாகக் கொண்டே அமைந்தன. மகனுக்குத் திருமணம் முடிந்து சில காலம் சென்றதும், பெற்றோர் அவனையும் மருமகளையும் ‘வேறு வைப்பார்கள்’. அதாவது, வளவு எனப்படும் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் அவர்களுக்கு உரியதை ஒதுக்கி, ஆண்டுக்குத் தேவையான நெல் முதலியவற்றை அளந்து கொடுத்து, தனியே உலை வைக்கச் செய்வார்கள். ஒரு கூரையின்கீழ் வாழ்ந்தாலும் அடுப்பும் கணக்கும் தனித்தனியே நடந்தன. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய தொகுதிகளிலும் இவ்வழக்கம் குறிக்கப்பட்டுள்ளது. நான்கு மகன்கள் உள்ள வீட்டில் பெற்றோரின் அடுப்போடு ஐந்து அடுப்புகள் எரிந்தன என்றால், ஐந்து அடுப்புக்கும் உரிய பானை, சட்டி, அண்டா, குண்டான், கரண்டி ஆகியவையும் அங்கே தனித்தனியே இருந்தாக வேண்டும்.

அப்பாத்திரங்கள் மருமகளுடன் அவள் பிறந்த வீட்டிலிருந்து சீராக வந்தவை. திருமணத்தையொட்டி, பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை வகை வகையாக அடுக்கி உறவினர் பார்வைக்கு வைப்பது ‘சாமான் பரப்புதல்’ எனப்பட்டது. வெள்ளி, பித்தளை, வெண்கலம், செம்பு, இரும்பு, மரம், கல், பீங்கான், ஓலை என ஒவ்வொரு வகையும் வரிசைப்படி வைக்கப்பட்டது. பொருள்கள் சிட்டையில், அதாவது பட்டியலில், எழுதப்பட்டன. வட்டித் தொழிலில் பேரேடு எழுதிப் பழகிய சமூகத்தில், பெண்ணின் உடைமைக்கும் எழுத்து வடிவில் கணக்கு இருந்தது வியப்பன்று. பாத்திரத்தின் விளிம்பிலோ கழுத்திலோ உளியால் பெயர் வெட்டுவதும் அக்கணக்கின் ஒரு பகுதியே. ‘விலாசம்’ எனப்படும் குடும்பத் தலைப்பெழுத்துகள் வெட்டப்பட்ட பாத்திரம், விருந்துக்காக எத்தனை வீடுகளுக்கு இரவலாகப் போனாலும் உரிய வீட்டுக்கே திரும்பி வந்தது. சீராக வந்த பொருள் பெண்ணின் சீதனம் என்பதால், கணவனின் தொழில் நொடித்த காலத்திலும் அவள் கையில் மிஞ்சிய உடைமையாக அது விளங்கியது. அதே வழக்கம் பெண்ணைப் பெற்றவர்கள்மீது கடும் சுமையாகவும் இறங்கியது என்பதை மறைக்கலாகாது; பரப்பிய சாமான்களின் அளவைக் கொண்டு ஒரு குடும்பத்தின் மதிப்பு எடைபோடப்பட்டது, அது வசதி குறைந்தவர்களைக் கடனில் தள்ளியது.

பாத்திரங்களின் வகைப்பாடு சமையலின் அறிவியலை ஒட்டியே அமைந்தது. ஏறத்தாழ நான்கு பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் கலந்து வார்க்கப்படும் வெண்கலப் பானை, தடித்த சுவரும் அகன்ற வயிறும் கொண்டது. சூட்டை நெடுநேரம் தாங்கும் இயல்பினால் சோறும் பொங்கலும் அதில் அடிபிடிக்காமல் குழைந்து வந்தன. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையில் புளியிட்ட குழம்பை அப்படியே வைத்தால் புளிப்பு உலோகத்தை அரித்துக் களிம்பேற்றும். ஆதலால் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவித் துடைத்து, உருகிய வெள்ளீயத்தை உட்புறம் மெல்லிய படலமாகப் பரப்பும் ‘ஈயம் பூசுதல்’ இன்றியமையாத தொழிலாக இருந்தது. தேயத் தேய மீண்டும் பூசும் தொழிலாளர் தெருத்தெருவாக வந்துகொண்டிருந்தனர். ரசத்துக்குரிய ஈயச்சொம்பு முழுவதும் வெள்ளீயத்தால் ஆனது. அவ்வுலோகம் 232 பாகை செல்சியசில் உருகிவிடும் என்பதால், நீர்மம் ஊற்றிய பின்னரே அதை அடுப்பில் ஏற்ற வேண்டும் என்பது புதிதாகச் சமைக்க வரும் பெண்ணுக்குச் சொல்லப்படும் முதல் எச்சரிக்கை. மாக்கல்லைக் குடைந்து செய்த கல்சட்டியை எண்ணெய் தடவிச் சூட்டுக்குப் பழக்கிய பின்பே புழங்கினர். புளிப்பு அதைத் தாக்காது என்பதால் குழம்புக்கும், அரிசி கழுவிய கெட்டி நீரில் புளி கரைத்துக் காய்கறி வேகவைக்கும் ‘மண்டி’ என்னும் செட்டிநாட்டுப் பண்டத்துக்கும் அது ஏற்றதாயிற்று.

இந்த உள்நாட்டுப் பொருள்களோடு கடல் கடந்த பொருள்கள் சேர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். 1852இல் கீழைப் பர்மா ஆங்கிலேயர் வசமானதும், 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐராவதிக் கழிமுகத்தின் நெல் விளைச்சலை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தன. அவ்விளைச்சலுக்குக் கடன் கொடுத்தவர்களுள் நகரத்தார் முதன்மையானவர்கள். 1930ஐ ஒட்டி ஆய்வு நடத்திய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கு அவர்கள் இட்ட முதலை ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளுக்குக் ‘கொண்டுவிற்க’ப் போனவர்கள், பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை முடிந்து ஊர் திரும்புகையில் பொருள்களோடு திரும்பினர். மூங்கில் பின்னலின்மீது மரப்பாலைப் பல முறை பூசி உலர்த்திச் செய்யப்படும் பர்மிய அரக்குச் சாமான், செட்டிநாட்டில் ‘மரவை’ என வழங்கி, உலர்ந்த பண்டங்களையும் வெற்றிலையையும் வைக்கும் கலமாயிற்று. இரும்புத் தகட்டின்மீது கண்ணாடித் தூளைத் தூவி, ஏறத்தாழ 800 பாகை செல்சியசில் சுட்டு உருக்கி ஒட்டச் செய்யும் எனாமல் பாத்திரங்கள் சுவீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் முதலிய நாடுகளிலிருந்து வந்தன. வெண்மை, நீலம், பச்சை எனப் பல நிறங்களில் அடுக்குகளாகவும் தூக்குகளாகவும் தட்டுகளாகவும் வந்த இவற்றைப் புளிப்பு தாக்காது; ஈயம் பூசும் வேலையும் இல்லை. ஊறுகாயும் உப்பும் வைக்கப் பீங்கான் ஜாடிகள் வந்தன. கவுனி அரிசி என்னும் கருநிற ஒட்டரிசியும் பர்மாத் தொடர்பினாலேயே செட்டிநாட்டு விருந்தில் நிலைபெற்றது. இவ்வாறு, கடல் கடந்து போகாத பெண்களின் அடுப்படியில் கடல் வாணிகத்தின் நிலப்படம் முழுவதும் விரிந்து கிடந்தது.

இப்பாத்திரங்களை வெறும் அழகுப் பொருள்களாகக் கருதுவோர் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு: பல பண்டங்களின் செய்முறை பாத்திரத்தோடு பிணைந்தே இருந்தது. 1891இல் வெளிவந்த இந்து பாக சாஸ்திரம், 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ ஆகியவை தமிழில் சமையலை அச்சேற்றிய நூல்கள் எனினும், செட்டிநாட்டு ஆச்சிமாரின் செய்முறை பெரும்பாலும் வாய்மொழியாகவும் கைப்பழக்கமாகவுமே தாயிடமிருந்து மகளுக்குச் சென்றது. வெள்ளைப் பணியாரம் இதற்குத் தக்க சான்று. பச்சரிசியைக் கலத்தின் விளிம்புவரை தலைதட்டி அளந்து, அதன்மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, குவியல் நிற்கும் மட்டும் கொள்வது அதற்குரிய அளவு. குவியலில் நிற்கும் உளுந்தின் அளவு, அளக்கும் கலத்தின் வாயகலத்தைப் பொறுத்தது. வாய் அகன்ற படியில் குவியல் பெரிதாகும், நெடிய டம்ளரில் சிறிதாகும், மாவின் பதமும் அதற்கேற்ப மாறிவிடும். ஒரு படி எட்டு ஆழாக்குகளைக் கொண்டது என்பது பொது வாய்பாடு ஆயினும், ஒவ்வொரு வீட்டிலும் புழங்கிய படியும் ஆழாக்குமே அவ்வீட்டுச் செய்முறையின் உண்மையான அலகு. 1956ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தின் வழி மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்து, 1960களில் பழைய முகத்தல் அளவைகள் சந்தையிலிருந்து விலகிய பின்பும், வீட்டுக்குள் அவை நீண்ட காலம் வாழ்ந்ததற்குக் காரணம் இதுவே. பாசிப்பருப்பு, உளுந்து, அரிசி ஆகியவற்றை வறுத்து அரைத்த மாவில் கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கிண்டும் ஆடிக்கும்மாயத்துக்கும், கனத்த அடியுள்ள உருளி வாய்த்தாலன்றிப் பக்குவம் கூடுவதில்லை.

செட்டிநாட்டுப் பாத்திரங்களின் சிதறல், அவற்றைக் கொண்டுவந்த செல்வத்தின் சரிவோடு தொடங்கியது. 1930ஐ ஒட்டிய பெருமந்தத்தில் நெல் விலை வீழ, கடனைத் திருப்ப இயலாத உழவர்களின் நிலம் நகரத்தார் கைக்கு வந்தது. கீழைப் பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த அவர்களின் நிலவுடைமை, 1938இல் 25 விழுக்காடாயிற்று. விற்றுப் பணமாக்க முடியாத அந்நிலம், 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனைக் கைப்பற்றியதாலும், 1948இல் பர்மா அரசு நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்ததாலும் கைவிட்டுப் போயிற்று. வருவாய் குன்றிய குடும்பங்கள் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் இடம்பெயர, வீடுகள் பூட்டப்பட்டன. பாகப்பிரிவினைகளில் பெட்டகங்கள் திறக்கப்பட்டு, சில வீடுகள் இடிக்கவும்பட்டன. எவர்சில்வரின் வரவு இச்சிதறலை விரைவுபடுத்தியது. குரோமியம் கலந்த அவ்வெஃகு களிம்பேறாதது, ஈயம் வேண்டாதது, எடை குறைந்தது. பழைய பித்தளையையும் வெண்கலத்தையும் எடைக்கு எடை மதிப்பிட்டு எவர்சில்வர் கொடுத்த வியாபாரிகளிடம் பல குடும்பங்களின் சாமான்கள் உருக்கும் உலைக்குப் போயின. நீர் சுமந்தும் புளி தேய்த்துத் துலக்கியும் ஓய்ந்த பெண்களுக்கு அம்மாற்றம் நன்மையே செய்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உருக்கும் உலைக்குத் தப்பியவை பழம்பொருள் சந்தைக்கு வந்தன. காரைக்குடியின் முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாக உள்ள பழம்பொருள் கடைகளில் எனாமல் அடுக்குகளும் மரவைகளும் ஜாடிகளும் இன்றும் விற்கின்றன. உள்நாட்டு, வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி வருகின்றனர். அழிவிலிருந்து மீட்டவர்கள் என்ற வகையில் அவர்களும் வணிகர்களும் நன்றிக்கு உரியவர்கள். முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகம், செட்டிநாட்டு வணிகர் வீடொன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுவியதன் வழி, பொருளை அதன் சூழலோடு காட்டியது. அகமதாபாத்தில் 1981இல் தோன்றிய வேச்சார் அருங்காட்சியகம், பாத்திரங்களுக்கெனவே தனி அருங்காட்சியகம் அமைக்கலாம் என்பதை நிறுவியது. எனினும் கடையில் வாங்கப்படும் பாத்திரம், விலாசம் வெட்டியிருந்தாலும் வரலாறற்றதாகவே கைமாறுகிறது; அது யாருக்குச் சீராக வந்தது, அதில் எது சமைக்கப்பட்டது என்பதைச் சொல்பவர் உடன் வருவதில்லை.

இவ்வரலாற்றை மீட்பதற்குச் செட்டிநாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, தமிழ் நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீசுகள், திருமண அழைப்பிதழ்கள் எனப் பிறர் கழித்த தாள்களையெல்லாம் வாழ்நாள் முழுவதும் திரட்டினார்; 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிய அத்தொகுப்பு, சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக வளர்ந்து, நூற்றுக்கணக்கான ஆய்வுகளுக்கு அடிப்படையாயிற்று. அவர் தாளுக்குச் செய்ததைப் பாத்திரத்துக்குச் செய்யப் பெருஞ்செல்வமோ தனிக் கட்டடமோ தேவையில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன்னிடம் மிஞ்சியுள்ள பாத்திரங்களைப் படம் எடுத்து, வெட்டிய எழுத்துகளைப் படித்துப் பதிந்து, யாருடைய சீர், எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தப் பண்டத்துக்குரியது, அதற்கான அளவும் பக்குவமும் என்ன என்பதை வீட்டு மூத்தோரிடம் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால் போதும். மெருகேற்றக் கொடுக்கும்போது வெட்டெழுத்து தேயாமல் பார்த்துக்கொள்வதும், பழைய படியையும் ஆழாக்கையும் விற்காமல் வைத்திருப்பதும், ஆண்டுக்கு ஒரு முறையேனும் அப்பாத்திரத்தில் அதற்குரிய பண்டத்தைச் சமைப்பதும் அக்குறிப்பேட்டுக்கு உயிர் கொடுக்கும். செட்டிநாட்டுக்கு மட்டுமன்றி, பரணில் ஒரு வெண்கலப் பானையேனும் எஞ்சியுள்ள எல்லாத் தமிழ் வீடுகளுக்கும் இவ்வேண்டுகோள் பொருந்தும். சொல்லத் தெரிந்த மூத்தோர் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.