உரிமையும் அறிக்கையும்: மலேசியாவில் சிறார் உரிமைக் கண்காணிப்பு

சட்டம் இயற்றப்படுவது ஒன்று. அது நடைமுறையில் உள்ளதா எனக் கண்காணிக்கப்படுவது பிறிதொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவை மலேசியத் தமிழர் தம் தோட்டப்புற வரலாற்றிலேயே கண்டுள்ளனர். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஓரினத்தைச் சேர்ந்த பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரேனும் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்கப்பட வேண்டும் என விதித்தது. பள்ளிகள் எழுந்தன, எனினும், பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதாம் ஆசிரியராய் விளங்கினர். அந்நிலையை இன்று நாம் அறிவதற்கு மலாயாவிலிருந்த இந்திய அரசு முகவரின் ஆண்டறிக்கைகளும் துணைபுரிகின்றன. அறிக்கை இல்லாவிடத்து உரிமை ஏட்டளவில் நின்றுவிடும் என்பதற்கு இது சான்றாகும்.

இந்த உண்மையை 1989ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற சிறார் உரிமை உடன்படிக்கை உணர்ந்திருந்தது. அதன் 43ஆம் விதி வல்லுநர் குழு ஒன்றை நிறுவியது. 44ஆம் விதி, உடன்படிக்கை தம்மளவில் நடைமுறைக்கு வந்த ஈராண்டுக்குள் முதல் அறிக்கையையும், பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொடர் அறிக்கையையும் அளிக்குமாறு நாடுகளைப் பணித்தது. 45ஆம் விதி, பிற அமைப்புகளின் கருத்துகளையும் குழு பெறுவதற்கு வழிவகுத்தது. அரசு சாரா இயக்கங்களின் மாற்று அறிக்கைகள் இவ்வழியே குழுவைச் சென்றடைகின்றன.

மலேசியா 1995ஆம் ஆண்டு பிப்ரவரியில் இவ்வுடன்படிக்கையில் இணைந்தது. அப்போது பல விதிகளுக்கு அது விலக்குக் கோரியது. அவற்றுள் 44, 45ஆம் விதிகளும் அடங்கியிருந்தமை ஆய்வாளர் கருத்தில் கொள்ளத்தக்கது. உரிமைகளை ஏற்ற அரசு, அவற்றைக் குறித்து வெளியார்க்கு விடையளிக்கும் கடப்பாட்டை ஏற்கத் தயங்கியது எனலாம். இவ்விலக்கு 1999ஆம் ஆண்டு மார்ச்சில் மீட்டுக்கொள்ளப்பட்டது. எனினும், 1997இல் வந்திருக்க வேண்டிய முதல் அறிக்கை 2006இன் இறுதியில்தான் அளிக்கப்பட்டது. குழு அதனை 2007 ஜனவரியில் ஆராய்ந்தது. 2012இல் எதிர்பார்க்கப்பட்ட அடுத்த அறிக்கையும் உரிய காலத்தில் அளிக்கப்படவில்லை.

இதனால் இடைக்காலத்தில் ஏதும் நிகழவில்லை எனக் கொள்ளுதல் பிழையாகும். 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் முந்தைய மூன்று சட்டங்களை ஒருங்கிணைத்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி தொடக்கக்கல்வி கட்டாயமாக்கப்பட்டது. 2010இல் 1, 13, 15ஆம் விதிகளுக்கான விலக்குகள் நீக்கப்பட்டன. 2019இல் மலேசிய மனித உரிமை ஆணையமான சுஹாகாமில் சிறார்க்கெனத் தனி ஆணையர் நியமிக்கப்பட்டார். ஆயின், 2010ஆம் ஆண்டு நீக்கத்திற்குப் பின்னரும் 2, 7, 14, 37ஆம் விதிகளுக்கும் 28ஆம் விதியின் ஒரு பகுதிக்கும் உரிய விலக்குகள் எஞ்சியிருந்தன.

இவற்றுள் 7ஆம் விதி நம் சமூகத்தை நேரடியாகத் தொடுவதாகும். பிறப்புப் பதிவு, பெயர், குடியுரிமை ஆகியவற்றை அவ்விதி பேசுகின்றது. பெற்றோரின் திருமணப் பதிவின்மையும் ஆவணக் குறைபாடும் தோட்டப்புறக் குடும்பங்கள் சிலவற்றில் தலைமுறைதோறும் தொடர்ந்துள்ளன. பதிவுபெறாத பிள்ளை பதிவேடுகளைக் கொண்டு எழும் புள்ளிவிவரத்தில் இடம்பெறுவதில்லை. அதனைக் கொண்டு எழுதப்படும் அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. எவருடைய உரிமை மிகுதியாக மறுக்கப்படுகின்றதோ, அவரே கண்காணிப்பின் பார்வைக்குத் தப்பிவிடுகின்றார்.

ஆகவே கண்காணிப்பு ஜெனீவாவில் மட்டும் நிகழ்வது அன்று. முதலாம் ஆண்டுப் பதிவின்போது பிறப்புப் பத்திரமின்றி வந்து நிற்கும் பிள்ளையைப் பலவேளைகளில் முதலில் காண்பவர் ஆசிரியரே. அப்பிள்ளையைத் திருப்பியனுப்புவதோடு அவர்தம் பணி முடிந்தால், 1923இன் வரலாறு மீளவும் எழுதப்படும். அந்நிலையைக் குறித்துவைத்து உரியவரிடம் சேர்ப்பாராயின், நாட்டின் அறிக்கையில் விடுபடவிருந்த ஒரு வரி இடம்பெறும் என்பது நம் துணிபு.