பெருநாடி வேர் மாற்று அறுவைச் சிகிச்சை

பெருநாடி வேர் மாற்று அறுவைச் சிகிச்சை என்பது, இதயத்தின் இடது கீழறையிலிருந்து பெருநாடி தொடங்கும் பகுதியை நீக்கி, அவ்விடத்தில் செயற்கைக் குழாயையோ மாற்றுத் திசுவையோ பொருத்தும் திறந்த இதய அறுவைச் சிகிச்சை ஆகும். வால்வு எனப்படும் பெருநாடித் தடுக்கிதழும், இதயத் தசைக்குக் குருதி வழங்கும் இரு முடியுருத் தமனிகளின் வாய்களும் இவ்வேரிலேயே அமைந்துள்ளன. எனவே இத்தமனிகளைப் புதிய வேரில் மீண்டும் இணைக்கவேண்டும். தடுக்கிதழை மாற்றுவதா, காப்பதா என்றும் முடிவு செய்யவேண்டும். அறுவை முறைகள் முதன்மையாக இம்முடிவிலேயே வேறுபடுகின்றன.

தேவை

மார்பன் கூட்டறிகுறி போன்ற மரபுவழி நோய்களிலும், பிறவியிலேயே ஈரிதழ்த் தடுக்கிதழ் உடையவர்களிலும் வேர் விரிவடையலாம். விரிவு மிகும்போது சுவரின் உட்படலம் கிழிந்து உயிரிழப்பு நேரலாம். மார்பன் கூட்டறிகுறி உடையோருக்கு விட்டம் 50 மி.மீ. அளவை எட்டும்போது பொதுவாக அறுவை பரிந்துரைக்கப்படுகிறது. குடும்பத்தில் எவருக்கேனும் இத்தகைய கிழிவு ஏற்பட்டிருப்பின் அதற்கு முன்னரே செய்யப்படலாம்.

முறைகள்

பெண்டால் முறை: ஹியூ பெண்டால், ஆன்டனி டி போனோ ஆகியோர் 1968 இல் வெளியிட்டது. தடுக்கிதழ் பொருத்திய குழாயால் வேர் முழுவதும் மாற்றப்படும். தொடக்கத்தில் தமனி வாய்கள் இருந்த இடத்திலேயே குழாயுடன் தைக்கப்பட்டன. தையல் இழுபட்டுக் குருதி கசிந்ததால், பிற்காலத்தில் அவை சுற்றியுள்ள சுவருடன் பொத்தான் வடிவில் வெட்டியெடுக்கப்பட்டுத் தைக்கப்படுகின்றன.

யாக்கூப் முறை: நோயாளியின் தடுக்கிதழ் காக்கப்படும். குழாயின் கீழ்முனை மூன்று நாக்குகளாக வெட்டப்பட்டு, விரிந்த சுவருக்கு மாற்றாகத் தைக்கப்படும். இதழ்களின் அசைவு இயல்பை ஒத்திருக்கும். ஆனால் அடிவளையம் பின்னர் விரியக்கூடும்.

டேவிட் முறை: டைரோன் டேவிட் 1992 இல் வெளியிட்டது. தடுக்கிதழ் குழாயின் உள்ளே வைத்துத் தைக்கப்படுவதால் அடிவளையமும் தாங்கப்படுகிறது. மார்பன் கூட்டறிகுறியில் இது பெரிதும் விரும்பப்படுகிறது.

ராஸ் முறை: டொனால்ட் ராஸ் 1967 இல் அறிமுகப்படுத்தியது. நோயாளியின் நுரையீரல் தமனித் தடுக்கிதழ் பெருநாடிக்கு மாற்றப்படும். அதனிடத்தில் பொதுவாகக் கொடையாளரின் தடுக்கிதழ் வைக்கப்படும். குழந்தைகளில் இது உடலுடன் சேர்ந்து வளரும். எனினும் ஒரு தடுக்கிதழின் நோய்க்காக இரண்டில் அறுவை செய்ய நேர்கிறது.

ஒப்பீடு

பெண்டால் முறையில் உலோகத் தடுக்கிதழ் நீண்டகாலம் உழைக்கும். ஆனால் குருதி உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் வார்ஃபாரின் உட்கொள்ளவேண்டும். இம்மருந்து குருதிப்போக்கை உண்டாக்கலாம். கருவுக்கும் ஊறு செய்யலாம். விலங்குத் திசுவாலான தடுக்கிதழுக்கு வாழ்நாள் மருந்து பொதுவாகத் தேவையில்லை. எனினும் அது காலப்போக்கில் சிதையும், இளவயதினரில் விரைவாகவே சிதையும். தடுக்கிதழ் காக்கும் முறைகள் இவ்விரு இடர்களையும் பெரும்பாலும் தவிர்க்கின்றன. ஆயினும் இதழ்கள் நல்ல நிலையில் இருந்தால் மட்டுமே அவை பொருந்தும். பின்னர்க் கசிவு தோன்றினால் மறு அறுவை தேவைப்படும். எனவே வயது, இதழ்களின் நிலை, மகப்பேறு விருப்பம், மருத்துவரின் பயிற்சி ஆகியவற்றைக் கொண்டே முறை தெரிவு செய்யப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

மார்பன் கூட்டறிகுறி
பெருநாடி
முடியுருத் தமனி