'கோன் ஃபில்டர் போட்டா கார் பறக்கும்!' - ஏர் இன்டேக் மாத்துறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் படிங்க

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பியிடமிருந்து போன். "அக்கா, ஒரு பதினஞ்சாயிரம் இருக்குமா? ரெண்டு மாசத்துல தந்துடுறேன்."

எதுக்குடான்னு கேட்டா, காருக்கு 'இன்டேக்' மாத்தணுமாம். 2017 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட். செகண்ட் ஹேண்டில் வாங்கி முழுசா ஆறு மாசம்கூட ஆகலை. இ.எம்.ஐ வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. "ரீல்ஸ்ல பார்த்தேன்க்கா. சவுண்டே வேற மாதிரி இருக்கு. பத்து ஹெச்.பி எக்ஸ்ட்ரா வருமாம்" என்றான்.

அந்த இன்ஜின் மொத்தமாகக் கொடுப்பதே சுமார் 84 ஹெச்.பி. ஒரு குழாயையும் ஒரு ஃபில்டரையும் மாற்றினால் அதில் இன்னொரு பத்து சேருமா? சேரும் என்றால், கார் கம்பெனிக்காரன் ஏன் அதைச் செய்யவில்லை? காசு அனுப்புவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். ரெண்டு மூணு மெக்கானிக்குகளிடம் பேசி, நிறைய படித்து, கடைசியில் தம்பி காரின் பானெட்டைத் திறந்து பார்த்த வரைக்கும் கிடைத்தது கீழே.

கார் எவ்வளவு காத்து குடிக்குது?

1.2 லிட்டர் இன்ஜின் என்றால், கிராங்க் ஷாஃப்ட் ரெண்டு சுத்து சுத்தும்போது அது உள்ளே இழுக்கக்கூடிய காற்று 1.2 லிட்டர். 6,000 ஆர்.பி.எம்-ல் ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதித்தால், கணக்குப்படி நிமிஷத்துக்கு 3,600 லிட்டர். அந்த நேரத்தில் மட்டும்தான் ஃபில்டரும் குழாயும் 'கொஞ்சம் அடைப்பா இருக்கே' என்ற நிலைமை வரும்.

ஆனா நாம எப்போ 6,000 ஆர்.பி.எம்-ல ஓட்டுறோம்? ஊருக்குள்ளே 2,000 ஆர்.பி.எம், அதுவும் பாதிக் கால் அழுத்தம். அப்போது காற்றை நிறுத்தி வைத்திருப்பது ஃபில்டர் இல்லை. த்ராட்டில் பாடிக்குள் இருக்கும் வட்டத் தகடு. அது முக்கால்வாசி மூடியிருக்கும்போது, அதுக்கு முன்னாடி எவ்வளவு பெரிய குழாய் போட்டாலும் இன்ஜினுக்குத் தெரியாது. டிரைவ் பை வயர் கார்களில் அந்தத் தகட்டை எவ்வளவு திறக்கணும் என்பதையும் இ.சி.யு-தான் முடிவு செய்கிறது.

இன்னொன்று, பெட்ரோல் இன்ஜின் சுமார் 14.7 கிராம் காற்றுக்கு ஒரு கிராம் பெட்ரோல் என்ற விகிதத்தில் எரிக்கிறது. கூடுதலாகக் காற்று போனால் கூடுதலாகப் பெட்ரோலும் போகும். சும்மா வர்ற பவர்னு எதுவும் கிடையாது.

'இன்டேக் மாத்தினா மைலேஜ் ஏறும்' என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் வேண்டுமென்றே ஃபில்டரை அடைத்துவைத்துச் சோதித்துப் பார்த்தது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில் மைலேஜ் பெரிதாக மாறவில்லை, பிக்-அப்தான் அடிவாங்கியது. அடைபட்ட ஃபில்டரே மைலேஜைக் குறைக்கவில்லை என்றால், சுத்தமான ஃபில்டரைவிட இன்னும் 'ஃப்ரீ'யான ஒன்று எங்கிருந்து மைலேஜைக் கூட்டும்?

மூணு வகை, மூணு வகைத் தலைவலி

கடையில் 'இன்டேக்' என்று கேட்டால் மூன்று விதமான பொருள்களைக் காட்டுவார்கள். விலையும் விளைவும் ரொம்பவே வேற.

முதலில் டிராப்-இன். கம்பெனி ஏர் பாக்ஸ் அப்படியே இருக்கும். உள்ளே இருக்கும் பேப்பர் ஃபில்டரை எடுத்துவிட்டு, அதே அளவில் காட்டன் அல்லது சிந்தெடிக் ஃபில்டரை வைப்பது. அஞ்சு நிமிஷ வேலை. பெரும்பாலான கார்களில் ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம், கிளிப்பைக் கழற்றினால் போதும். பவர் வித்தியாசம் உணரவே முடியாத அளவுக்குத்தான் இருக்கும். சத்தமும் பெரிசா மாறாது. ஆனால் கெடுதலும் குறைவு.

ரெண்டாவது ஷார்ட் ராம். ரீல்ஸில் பார்ப்பது இதைத்தான். ஏர் பாக்ஸையே தூக்கிவிட்டு, ஒரு சின்னக் குழாயும் நுனியில் கூம்பு வடிவ ஃபில்டரும். பானெட்டைத் திறந்தால் சிவப்பாகப் பளபளக்கும். ஃபோட்டோவுக்கு அழகு, சத்தியமா. பிரச்னை, அது உட்கார்ந்திருக்கும் இடம். பின்னாலேயே சூடான இன்ஜின், முன்னால் ரேடியேட்டர் தள்ளும் அனல். சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு. வெளியே 30 டிகிரி இருக்கும்போது, பானெட்டுக்குள் 60 டிகிரி காற்றை இழுத்தால், அதே ஒரு லிட்டரில் கிட்டத்தட்ட 9 சதவிகிதம் குறைவான காற்றுதான் இருக்கும். கத்திபாரா பக்கம் பீக் ஹவரில் பத்து நிமிஷம் ஊர்ந்துவிட்டு சிக்னலில் இருந்து எடுக்கும்போது, சத்தம் அதிகமாகவும் இழுவை கம்மியாகவும் இருப்பது இதனால்தான். காசு கொடுத்து பவரைக் குறைத்துக்கொள்வது!

இதுக்குப் பரிகாரமாக ஹீட் ஷீல்டு என்று ஒரு தகடு வைப்பார்கள். மேலே பானெட்டோடும் சுத்தி எல்லாப் பக்கமும் ஒட்டி மூடினால்தான் அது வேலை செய்யும். ஒரு பக்கம் மட்டும் நிற்கும் தகடு அலங்காரம். நாலு பக்கமும் மூடிய பெட்டியோடு வரும் கிட் பரவாயில்லை. ஆனால் விலை பல மடங்கு.

மூணாவது வகையும் சென்னை மழையும்

மூன்றாவது கோல்டு ஏர் இன்டேக். பேரே சொல்வதுபோல, குழாயை நீளமாக்கி, ஃபில்டரை பம்பருக்குள்ளோ வீல் ஆர்ச் பக்கமோ கொண்டுபோய் வைப்பது. குளிர்ந்த காற்று கிடைக்கும். தத்துவப்படி மூன்றில் இதுதான் சரியானது. மழை பெய்யாத ஊரில்.

பெரும்பாலான கார்களில் கம்பெனி இன்டேக்கின் வாய் ஹெட்லைட், கிரில் பக்கத்தில் உயரமான இடத்தில் இருக்கும். அது தற்செயல் இல்லை. தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் கொஞ்சம் தண்ணீர் புகுந்தால், மேலே வரும் பிஸ்டனுக்குப் போக இடமில்லை. கனெக்டிங் ராடு வளையும். இதுக்குப் பேர் ஹைட்ரோ லாக். சரிபண்ண இன்ஜினைக் கீழே இறக்கணும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் கார் வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஃபில்டரை பம்பருக்குள் இறக்கினால், முட்டியளவு தண்ணீர்கூட வேண்டாம். ரோட்டோரப் பள்ளத்தில் வேகமாக விட்டாலே போதும். 'ஹைட்ரோ ஷீல்டு' என்ற உறை, பைபாஸ் வால்வு எல்லாம் விற்கிறார்கள். தெறிக்கும் தண்ணீருக்கு உறை உதவும், மூழ்கினால் உதவாது. தண்ணீர் புகுந்து இன்ஜின் போனால், சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி பெரும்பாலும் கைகொடுக்காது. 'இன்ஜின் புரொடெக்‌ஷன்' ஆட்-ஆன் தனியாக எடுத்திருக்க வேண்டும். எடுத்திருந்தாலும், இன்டேக்கை நீங்களே கீழே இறக்கி வைத்திருப்பதை சர்வேயர் பார்த்தால் என்ன கேட்பார்னு யோசிச்சுக்கோங்க.

என் கருத்தைக் கேட்டால், கடலோர மாவட்டங்களில் தினமும் ஓட்டும் காருக்கு இது வேண்டவே வேண்டாம். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் வார இறுதியில் மட்டும் ஓட்டுகிறவர் என்றால் கதை வேற. அங்கே இன்ஜின் முழு நேரமும் மேல் ஆர்.பி.எம்-ல்தான் இருக்கும், நான் மேலே சொன்ன 3,600 லிட்டர் கணக்கு அங்கேதான் பொருந்தும்.

தூசி விஷயத்தில் விளையாடாதீங்க

பவர் கூடுதோ இல்லையோ, ஃபில்டரின் முதல் வேலை தூசியைத் தடுப்பது. நம் ஊர் ரோட்டில், அதுவும் எம்-சாண்ட் லாரி ஓடும் ரோட்டில், பறப்பது வெறும் மண் இல்லை, கல்லுப் பொடி. அது உள்ளே போனால் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் மெதுவாகத் தேய்க்கும். உடனே தெரியாது என்பதுதான் கொடுமை. கொஞ்ச வருஷம் கழித்து ஆயில் குறைய ஆரம்பிக்கும், சைலன்ஸரில் புகை வரும். அதற்குள் நீங்க காரை வித்திருப்பீங்க. வாங்கினவர் என் தம்பி மாதிரி யாராவது இருப்பார்.

பேப்பர் ஃபில்டர் பழசுன்னு மட்டமா நினைக்க வேண்டாம். நுண்ணிய தூசியைப் பிடிப்பதில் நல்ல பேப்பர் கில்லாடி. என்ன, கழுவ முடியாது, மாத்தணும். விலை சில நூறு ரூபாய்தான். கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் 1969-ல் ஆரம்பித்த கே அண்ட் என் பிரபலமாக்கிய காட்டன் ஃபில்டர், எண்ணெய்ப் பூச்சில் தூசியை ஒட்டவைக்கும் ரகம். கழுவி, நிழலில் காயவைத்து, திரும்ப எண்ணெய் பூசி வருஷக்கணக்கில் பயன்படுத்தலாம். ஆனால் எண்ணெய் கம்மியானால் தூசி உள்ளே போகும். அதிகமானால், எண்ணெய்த் துளிகள் பறந்துபோய் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரின் மெல்லிய கம்பியில் படியும். அப்புறம் செக் இன்ஜின் லைட், ஜெர்க், ஐடிலிங் தடுமாற்றம். 'எண்ணெயை நிறைய ஊத்தினா நல்லா ஃபில்டர் ஆகும்'னு நினைச்சு ஊத்துறவங்கதான் அதிகம் என்றார் ஒரு மெக்கானிக். கழுவிப் பராமரிக்கப் பொறுமை இல்லை என்றால், எண்ணெய் தேவைப்படாத டிரை சிந்தெடிக் ரகத்தைப் பாருங்கள்.

எந்த பிராண்டாக இருந்தாலும் ஐ.எஸ்.ஓ 5011 சோதனை முடிவு இருக்கிறதா என்று கேளுங்கள். ஏர் ஃபில்டர் எத்தனை சதவிகிதம் தூசியைப் பிடிக்கிறது, காற்றை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் முறை அது. பெட்டியில் 'ஹை ஃப்ளோ' என்று பெரிசா போட்டிருப்பதற்கு அளவுகோல் எதுவும் இல்லை. போட்டு ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும், ஃபில்டருக்கு அந்தப் பக்கம், அதாவது இன்ஜின் பக்கக் குழாயின் உள்ளே ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் புழுதி வந்தால் ஃபில்டரோ சீலிங்கோ சரியில்லை.

வாங்கும்போது கவனிக்க

உங்க காரில் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கிறதா, மேப் சென்சார் இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வகை என்றால், சென்சார் உட்காரும் குழாயின் விட்டம் ஒரிஜினல் அளவிலேயே இருக்கணும். கொஞ்சம் பெரிசானாலும் இ.சி.யு-வுக்குத் தப்பான கணக்குப் போகும். 'எல்லா காருக்கும் பொருந்தும்' என்று விற்கும் யுனிவர்சல் கிட்டில் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான்.

கம்பெனி குழாயில் இன்ஜினிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் வந்து சேரும், கிராங்க்கேஸ் பிரீதர். புது கிட்டில் அதுக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்று அதைச் சும்மா தொங்கவிடும் கடைகளும் உண்டு. அப்படி விட்டால் பானெட்டுக்குள் ஆயில் புகை.

பிரபல பிராண்டுகளில் போலிகள் தாராளம். பார்ட் நம்பரை அந்த கம்பெனியின் இணையதளத்தில் சரிபார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

டர்போ கார் வைத்திருக்கிறவர்களுக்கு, அதாவது ஐ20 என் லைன், பழைய போலோ ஜி.டி டி.எஸ்.ஐ மாதிரி, லாபம் கொஞ்சம் அதிகம். ஆனால் அதுவும் இ.சி.யு ரீமேப்போடு சேர்ந்தால்தான். வாரன்ட்டி அங்கேயே கேள்விக்குறி ஆகிவிடும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். டிராப்-இன் ஃபில்டரை யாரும் பானெட் திறந்து தேடப்போவதில்லை. உறுமிக்கொண்டு போகும் கார்தான் போலீஸ் கண்ணில் படும்.

போட்டாச்சு, லாபமா?

காதை நம்பாதீங்க. சத்தம் கூடினாலே வேகம் கூடின மாதிரி இருக்கும். ஒரு புளூடூத் ஓ.பி.டி ஸ்கேனர் வாங்கி போனில் ஆப் போட்டால், 'இன்டேக் ஏர் டெம்பரேச்சர்' என்று ஒரு எண் வரும். பழைய இன்டேக்கோடு டிராஃபிக்கில் ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு அதே ரூட்டில், அதே நேரத்தில் மறுபடி. எண் ஏறியிருந்தால் நீங்க வாங்கினது சூடு. கூடவே 'லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம்' என்பதையும் பாருங்கள். முன்னால் இருந்ததைவிட நிறைய விலகி, பத்து சதவிகிதத்தைத் தாண்டினால் இ.சி.யு திணறுகிறது என்று அர்த்தம். டைனோ சோதனை என்றால் முன்-பின் இரண்டும் ஒரே நாளில், ஒரே மெஷினில், ஒரே கியரில். ஒற்றைச் சார்ட்டைக் காட்டி பத்து ஹெச்.பி என்பவரிடம் பழைய சார்ட்டைக் கேளுங்கள்.

எது வாங்கினாலும் பழைய ஏர் பாக்ஸைக் கடையில் விட்டுட்டு வந்துடாதீங்க. காரை விற்கும்போது அது வேணும்.

தம்பி கதைக்கு வருவோம். அடுத்த ஞாயிறு ஊருக்குப் போனபோது அவன் கார் ஏர் பாக்ஸைத் திறந்தோம். ஃபில்டர் மடிப்புக்குள் காய்ந்த வேப்பிலை, செத்த பூச்சி, கறுப்பா ஒரு படலம். முந்தைய ஓனர் எத்தனை வருஷமாக மாற்றவில்லையோ! கம்பெனி பேப்பர் ஃபில்டர் ஒன்றும், நாலு ஸ்பார்க் பிளக்கும் மாற்றி, த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தோம். பைபாஸில் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தவன், "அக்கா, இப்போ நல்லா இழுக்குதுக்கா" என்றான். பதினஞ்சாயிரம் மிச்சம் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

நேற்று மெசேஜ் வந்திருக்கிறது. "அக்கா, அலாய் வீல் பத்தி ஏதாவது எழுதுறியா?"