‘வழக்கு’ என்னும் கலைச்சொல்: வருங்கால ஆசிரியர்க்கு ஒரு வரலாற்றுக் குறிப்பு

மொழியையும் இலக்கணத்தையும் இலக்கியத்தையும் பயிற்றப் புகும் ஆசிரியர் முதலில் எதிர்கொள்வது கலைச்சொற்களையே. பயிற்சிக் காலத்தில் இவை வரைவிலக்கணங்களாக மனனஞ் செய்யப்படுகின்றன. வரைவிலக்கணம் வேண்டற்பாலதே. ஆயின், கலைச்சொல் ஒவ்வொன்றும் குறிப்பிட்டதொரு சமுதாயத்தில், குறிப்பிட்டதொரு தேவை கருதித் தோன்றியது. சமுதாயம் மாறுந்தோறும் அதன் பொருளும் மாறுகின்றது. ‘வழக்கு’ என்னும் ஒரு சொல்லின் வரலாறே இதனைத் தெளிவுறுத்தப் போதுமானது.

தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம், அந்நூல் வழக்கினையும் செய்யுளினையும் ஒருங்கே ஆராய்ந்து எழுந்தது என்று கூறும். மக்கள் பேசும் மொழி இலக்கணத்தின் மூலங்களுள் ஒன்றாக இங்கு ஏற்கப்பட்டமை கவனிக்கத்தக்கது. ஆயின், அதே நூலின் மரபியற் சூத்திரமொன்று, வழக்கு எனப்படுவது உயர்ந்தோரைச் சார்ந்ததே என வரையறுக்கின்றது. உயர்ந்தோர் யாவர் என்பதை அச்சூத்திரம் விளக்கவில்லை. அவ்வக்காலத்து மேலோர் குழாம் அவ்விடத்தில் தன்னையே இருத்திக்கொள்ள இது வாய்ப்பாயிற்று. எல்லார்க்கும் உரிய மொழி ஒரு பகுதியினரின் உடைமையாகும் முரண்பாட்டின் தொடக்கம் இதுவே எனலாம்.

13 ஆம் நூற்றாண்டளவில், சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளின்படி நன்னூலை யாத்த பவணந்தியார், வழக்கினை இயல்பு, தகுதி என இரண்டாக வகுத்தார். இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ என்பன இயல்பு வழக்கு. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்பன தகுதி வழக்கு. இப்பாகுபாட்டில் இரண்டு விடயங்கள் ஊன்றி நோக்கற்பாலன. முதலாவது, பேச்சிலே உருத்திரிந்த சொல்லும் மரூஉ என்னும் பெயரால் இலக்கணத்துள் இடம்பெறுகின்றது. இரண்டாவது, பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதும் குழூஉக்குறிக்கு உரைகாரர் தரும் உதாரணங்கள். உழைப்போரின் தொழில்வழிப் பிறந்த சொற்களை மரபிலக்கணம் புறக்கணிக்கவில்லை என்பதற்கு இவை சான்று. மரபின் பெயராற் பேச்சுமொழியைப் பழிப்போர் மரபினை முழுமையாகக் கற்றவரல்லர்.

ஐரோப்பியர் வருகையும் அச்சியந்திரமும் இச்சொற்களுக்குப் புதிய பணிகளை அளித்தன. செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களின் மொழியை உரைமரபிலே சுட்டிய ‘கொடுந்தமிழ்’, வீரமாமுனிவர் இலத்தீனில் எழுதி 1738 இல் தரங்கம்பாடியில் அச்சான இலக்கணத்திலே பொதுமக்களின் பேச்சுத் தமிழைக் குறிப்பதாயிற்று. நிலவேறுபாட்டைச் சுட்டிய சொல் நிலைவேறுபாட்டைச் சுட்டத் தலைப்பட்டது. ஈழத்தில், 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், இலக்கணச் சுருக்கம், பாலபாடம் முதலான நூல்களால் வசனநடையைச் செம்மைப்படுத்தினார். அவரது பணி வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தது. ஆயினும், கற்ற சைவ மேலோரின் எழுத்துத் தமிழே பாடசாலைத் தமிழாகிய போது, அவ்வட்டத்துக்குப் புறம்பானோரின் பேச்சு ‘பிழை’ எனும் நிலையை எய்திற்று.

இம்முரண்பாடு 1960களின் முற்பகுதியில் ஈழத்து இலக்கிய உலகில் வெளிப்படையாக வெடித்தது. டொமினிக் ஜீவா, டானியல் முதலிய முற்போக்கு எழுத்தாளர் ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சினைக் கதைகளிற் கையாண்டபோது, மரபுவாதிகள் சிலர் அதனை ‘இழிசனர் வழக்கு’ என்றனர். பறை கொட்டுவோரையும் கட்டில் பின்னுவோரையும் சுட்டப் புறநானூற்றில் ஆளப்பட்ட ‘இழிசினர்’ என்னும் சொல்லின் வழிவந்தது அத்தொடர். சாதியடைவின் சொல் இலக்கணக் கலைச்சொல்லின் வேடம் பூண்டு வந்தது. அன்று நடைபெற்றது வெறும் மொழிநடை பற்றிய விவாதமன்று. இலக்கியத்தில் யார் பேசலாம் என்பது பற்றிய விவாதமாகும்.

நவீன மொழியியலார் பேச்சு வழக்கு, எழுத்து வழக்கு என்றும், இரண்டும் ஒரே சமுதாயத்தில் வெவ்வேறு தேவைகளுக்கு நிலவுவதை இரட்டை வழக்கு என்றும் கூறுவர். வழக்கு என்னும் பழஞ்சொல், உயர்வு தாழ்வு சுட்டாத விவரணச் சொல்லாக இங்கு மீட்கப்பட்டுள்ளது. வகுப்பறையில் இதன் பயன் பெரிது. யாழ்ப்பாணத்து மாணவன் ‘வாறன்’ என்றும் மலையகத்து மாணவி ‘வர்றேன்’ என்றும் எழுதினால், ‘கொச்சை’ எனச் சிவப்புக் கோடிடும் ஆசிரியர் பிள்ளையின் வீட்டையும் சேர்த்தே பழிக்கின்றார். ‘இது பேச்சு வழக்கு, இதற்கு எழுத்து வழக்கு வருகிறேன்’ என விளக்குபவர் மொழியறிவை வளர்க்கின்றார்.

இதனால் எழுத்து வழக்கைக் கற்பிக்க வேண்டியதில்லை என்பது கருத்தன்று. பரீட்சையும் பதவியும் நீதிமன்றமும் எழுத்து வழக்கிலேயே இயங்கும் சமுதாயத்தில் அதனை உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு மறுப்பது மற்றொரு வகை ஒடுக்குமுறையாகும். இரண்டு வழக்குகளையும் அறிவதும், ஒன்று உயர்ந்ததெனக் கொள்ளப்பட்டமைக்கான சமுதாயக் காரணத்தை உணர்வதும் ஒருங்கே நிகழ வேண்டும். கலைச்சொல்லை அதன் வரலாற்றோடு கற்பிக்கும் ஆசிரியரே இப்பணிக்குத் தகுதியுடையவராவார்.