அமர் சேவா சங்கம்

அமர் சேவா சங்கம், தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் இயங்கும் மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வு நிறுவனம். மாற்றுத்திறனாளிகளே தொடங்கி வழிநடத்திய அமைப்பு என்பது இதன் தனிச்சிறப்பு.

தோற்றம்: நிறுவனர் எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975இல் கடற்படை அதிகாரி தேர்வுக்கான உடற்பயிற்சிச் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளுக்கான ஆண்டாக அறிவித்த 1981இல், சொந்த ஊரில் சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரைத் தழுவி அதற்குப் பெயரிட்டார். தசைச்சிதைவு நோயுடன் வாழும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கர ராமன் பின்னர் இணைந்து, சங்கத்தின் வளர்ச்சிக்குத் தோள்கொடுத்தார்.

பணிகள்: இயன்முறை மருத்துவம், சிறப்புக் கல்வி, தொழிற்பயிற்சி, செயற்கை உறுப்புத் தயாரிப்பு ஆகியவை இங்கு நடைபெறுகின்றன. சங்கத்தின் சிவசரஸ்வதி வித்யாலயா பள்ளியில் குறைபாடு உள்ள குழந்தைகளும் இல்லாத குழந்தைகளும் ஒன்றாகவே படிக்கின்றனர். சிறு குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டறிய, பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் கிராமங்களில் வீடு தேடிச் செல்கின்றனர். குழந்தையைக் குடும்பத்திலிருந்தும் ஊரிலிருந்தும் பிரிக்காமல் மறுவாழ்வு அளிப்பதே இம்முறையின் உயிர்நாடி.

சிறப்பு: சமூகப் பணிக்காக ராமகிருஷ்ணனுக்கு 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.