ஆதிரையின் அகலம்

மார்கழி மாதத்து முன்னிரவில் கிழக்கு வானை நோக்கினால், ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் தோளில் செந்நிறமாய் ஒளிரும் விண்மீனைக் காணலாம். மேலை நாட்டார் அதைப் பெட்டல்ஜூஸ் என்பர். நமக்கு அது திருவாதிரை. ஆதிரை என்னும் பெயரைப் பரிபாடலே அறிந்திருக்கிறது. இத்தனை காலம் பெயரிட்டு அழைத்து வந்த ஒன்றின் அளவு என்ன என்ற கேள்விக்கு முதல் விடை கிடைத்து நூறாண்டுகள்தாம் ஆகின்றன. அந்த விடையின் கதை, அளத்தல் என்பதன் பொருளையே நமக்குக் கற்பிப்பது.

எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் விண்மீன் ஒரு புள்ளியாகவே தெரியும். கோள்களைப் போல வட்டமாய் விரியாது. நம் பஞ்சாங்கக் கணக்கில் ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. காற்று மண்டலத்தின் அலைவு மட்டுமே ஒரு விண்மீனின் உருவை ஏறக்குறைய ஒரு விகலை அளவுக்குக் கலைத்துவிடுகிறது. விண்மீன்களின் உண்மையான கோண விட்டமோ அதில் மிகச் சிறிய பின்னம்.

இத்தடையைக் கடக்கும் வழியை 1868இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிஸோ சுட்டிக் காட்டினார். உருவைப் பார்க்க முயலாதீர்கள். ஒளி அலைகள் ஒன்றோடொன்று மோதி உண்டாக்கும் வரிகளைப் பாருங்கள் என்பது அவரது யோசனையின் சாரம். ஒரே விண்மீனின் ஒளியை இரு துளைகள் வழியே எடுத்து மீண்டும் இணைத்தால் ஒளியும் இருளும் மாறி மாறி வரும் வரிகள் தோன்றும். துளைகளுக்கு இடையே உள்ள தொலைவைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வரிகள் மறையும். அந்தத் தொலைவிலிருந்து விண்மீனின் கோண விட்டத்தைக் கணக்கிட்டுவிடலாம். 1870களில் மார்செய் வானாய்வகத்தில் ஸ்டெஃபான் இதை முயன்றார். அவருடைய 80 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் எந்த விண்மீனுக்கும் வரிகள் மறையவில்லை. விண்மீன்கள் 0.158 விகலையைவிடச் சிறியவை என்று மட்டும் அவரால் சொல்ல முடிந்தது. தோல்வி என்றாலும், பயனுள்ள தோல்வி.

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் ஆல்பர்ட் மைக்கேல்சன் இதே வழியைக் கலிஃபோர்னியாவின் மௌண்ட் வில்சனில் மீண்டும் கையில் எடுத்தார். அங்கிருந்த 100 அங்குல ஹூக்கர் தொலைநோக்கியின் வாய்ப்புறத்தில் 20 அடி நீள எஃகு விட்டம் ஒன்று பொருத்தப்பட்டது. அதன் மேல் நகர்த்தக்கூடிய இரு கண்ணாடிகள். விண்மீனின் ஒளியை இரு தனித்த இடங்களில் வாங்கித் தொலைநோக்கிக்குள் அனுப்புவது அவற்றின் வேலை.

1920 டிசம்பர் 13ஆம் நாள் இரவு, கருவியருகே இருந்தவர்கள் பீஸும் ஆண்டர்சனும். கண்ணாடிகள் 121 அங்குல இடைவெளியில் நின்றன. வேறு விண்மீன்களைப் பார்த்தபோது வரிகள் தெரிந்தன; எனவே கருவியில் பழுதில்லை. ஆதிரையை நோக்கித் திருப்பியபோது வரிகள் இல்லை. ஒன்றைக் காணாமற்போனதே அங்கு கண்டுபிடிப்பாயிற்று. கோண விட்டம் 0.047 விகலை. ஓர் அங்குல அகலமுள்ள நாணயத்தைச் சுமார் 110 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துப் பார்ப்பதற்கு ஒப்பான அளவு இது.

அதே ஆண்டில் எடிங்டன், விண்மீனின் நிறத்திலிருந்து மேற்பரப்பின் பிரகாசத்தை ஊகித்து, ஆதிரையின் கோண விட்டம் 0.051 விகலை இருக்கும் என்று கணித்திருந்தார். சிவந்து குளிர்ந்த ஒரு விண்மீன் இத்தனை ஒளி தர வேண்டுமானால் அது மாபெரும் பரப்புடையதாக இருக்க வேண்டும் என்பதே வாதம். 'அரக்க விண்மீன்கள்' என்பவை காகிதத்துக் கற்பனையல்ல என்பதை அந்த இரவு காட்டியது.

இனித்தான் கதையின் உண்மையான சிக்கல். கோணத்தைக் கிலோமீட்டராக மாற்றத் தொலைவு தெரிய வேண்டும். அன்று கொள்ளப்பட்ட தொலைவு சுமார் 180 ஒளியாண்டு. அதன்படி விட்டம் 24 கோடி மைல், அதாவது ஏறத்தாழ 39 கோடி கிலோமீட்டர். பின்னர் வந்த அளவீடுகளில் தொலைவு மாறிக்கொண்டே இருந்தது. 1997இல் வெளியான ஹிப்பார்க்கோஸ் செயற்கைக்கோள் பட்டியல்படி சுமார் 430 ஒளியாண்டு. 2008இல் ரேடியோ அளவீடுகளையும் சேர்த்தபோது சுமார் 640. 2020இல் ஒளித்துடிப்பையும் கணினி மாதிரிகளையும் கொண்டு ஆராய்ந்தபோது சுமார் 550. இந்தக் கடைசிக் கணக்கில் அதன் ஆரம் சூரியனைப் போல் 760 மடங்கை ஒட்டியது. விட்டம் நூறு கோடி கிலோமீட்டரைத் தாண்டும். சூரியனின் இடத்தில் அதை வைத்தால் செவ்வாயின் பாதையும் அதற்குள் அடங்கிவிடும்.

கோணம் பெரிதும் நிலைத்தது. தொலைவுதான் கைக்கு அகப்படவில்லை. காரணம் எளிது. பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் பெயர்வதுபோல் தோன்றும் சிறு கோணமே தொலைவுக்கு அடிப்படை. ஆதிரையின் விஷயத்தில் அக்கோணம் விண்மீனின் சொந்த அகலத்தில் ஏழில் ஒரு பங்கு அளவே. அதன் முகத்தில் பெரும் ஒளித்திட்டுகள் தோன்றி மறைவதால் 'நடுப்புள்ளி' என்று நாம் குறிப்பதே அலைகிறது. விளிம்பும் திட்டமானதன்று. நாம் சுவாசிக்கும் காற்றைவிடப் பல்லாயிரம் மடங்கு அடர்த்தி குறைந்த அந்த வாயுக்கோளம், பார்க்கும் ஒளியின் அலைநீளத்துக்கேற்ப வெவ்வேறு அகலம் காட்டும்.

மேற்பரப்பின் வெப்பநிலை சுமார் 3,600 கெல்வின் என்பதை நிறமாலை நேரடியாகவே சொல்கிறது. அதற்குத் தொலைவு வேண்டியதில்லை. ஆனால் ஒளிர்வு சூரியனைப் போல் ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு என்பதும், ஆரமும் தொலைவைச் சார்ந்து நிற்பவை. அந்த ஒரு தூண் அசைந்தால் இவையெல்லாம் சேர்ந்து அசையும்.

2019இன் இறுதியில் ஆதிரை மங்கத் தொடங்கி 2020 பிப்ரவரியில் என்றுமில்லாத அளவு ஒளி குன்றியபோது, அது வெடிக்கப் போகிறதோ என்று உலகெங்கும் பேச்செழுந்தது. வெடிக்கவில்லை. அது தானே உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசாகி முகத்தை மறைத்தது என்பதே ஆய்வுகள் பெரும்பாலும் வந்தடைந்த முடிவு. அதைக் கண்டறியவும் உதவியவை ஃபிஸோவின் யோசனையிலிருந்து வளர்ந்த கருவிகளே.

மைக்கேல்சன் குழு தந்த கிலோமீட்டர்க் கணக்கு இன்று செல்லாது. ஆனால் எதை நேரில் அளந்தார்கள், எதைக் கடனாக வாங்கினார்கள் என்பதை அவர்கள் தம் கட்டுரையில் பிரித்தே எழுதினர். அதனால்தான் பின்வந்தோர் தொலைவை மட்டும் மாற்றிக்கொண்டு, 121 அங்குலத்தை அப்படியே வைத்துக்கொள்ள முடிந்தது. அடுத்த மார்கழியில் கிழக்கே அந்தச் செம்புள்ளியைக் காணும்போது நாம் அதையும் நினைத்துக்கொள்ளலாம்.