முத்திரை

வடமொழி 'முத்ரா'விலிருந்து வந்த 'முத்திரை', மோதிரம் பதித்த அடையாளம், முத்திரைத்தாள், பரதத்தின் கைக்குறி எனப் பொருள் விரிந்த சொல். வேலை தேடுவோரிடம் இன்று வலியுறுத்தப்படும் 'பர்சனல் பிராண்டிங்'கைத் 'தனிமுத்திரை' எனலாம். தமிழ் வழக்கு இதில் ஒரு வேறுபாட்டைக் காத்து வருகிறது: முத்திரை குத்துபவர் பிறர், முத்திரை பதிப்பதோ ஒருவரின் சொந்தச் செயல். 'திறமைசாலி' என்று சுயவிவரத்தில் எழுதுவது தனக்குத்தானே குத்திக்கொள்வது, அதற்கு மதிப்பில்லை.

எடுத்துக்காட்டாக, ஒரு காலத்தில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் தேறியவர்கள் பெயருக்குப் பின்னால் 'எல்.டி.' என்ற ஆசிரியர் பயிற்சிப் பட்டத்தைப் போட்டுக்கொண்டார்கள். அது நிறுவனம் தந்த முத்திரை, எல்லோருக்கும் பொது. 1910இல் அங்கே பயிற்சிக்கு வந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனைத் தனித்துக் காட்டியது, சக மாணவர்களுக்கே அவர் ஆற்றிய உளவியல் சொற்பொழிவுகள்தான். அவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தவர் அங்கிருந்த பேராசிரியர்.

அப்படியொரு பேராசிரியர் கண்ணில் படாதவர் என்ன செய்வது? நியாயமான கேள்வி. ஆயிரம் விண்ணப்பங்கள் குவியும் இடத்தில் மௌனம் உதவாது, சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொல்ல வேண்டியது செய்த வேலையை: எழுதிய நிரல், தயாரித்த கணக்கறிக்கை, நடத்திய பாடம். லிங்க்ட்இன் பக்கத்திலுள்ள அடைமொழிகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இவற்றை வையுங்கள்.